நேற்றுப் போல

"எட்டரைக்கு வந்திரிக்கார், நாலரைக்குப் போயிரிக்கார். இந்தா கிடக்கு, நீங்களே பாருங்க புள்ள."

"வந்தவர் எங்க அக்கா? ராவு வீட்ட வரல்ல. போன் எடுத்தா…"

"முகாமில சிக்னல் இல்ல. நேத்தும் வேலை, இண்டைக்கும்…"

"மூடி வச்ச சோறு மூடினபடியே கிடக்கு, நீங்க இன்னும் வேலை எண்டு…"

"கொம்பியூட்டர் பொய் சொல்லுமா புள்ள?"

அப்படிக் கேட்டது நான். அது 2007 மாசி மாதத்துப் புதன்கிழமை. வந்து நின்றவள் பிரஷாந்தி, எங்கள் நிவாரண நிறுவனத்தில் வெளிக்கள வேலை செய்த சிவதர்ஷனின் மனைவி. நான் அங்கே பதிவுகளுக்குப் பொறுப்பு. அதற்கு முன் முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் தட்டச்சு செய்தவள். என் தாளில் ஒரு பிழை கண்டுபிடித்தேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதுவதில் நான் குறுக்கிட மாட்டேன் ஐயா. ஒழுங்காகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

சுனாமியில் கடல் வந்து போன பிறகு நிறுவனங்கள் வந்தன. நிறுவனத்தோடு வேலைப் பதிவு மென்பொருளும் வந்தது. யார், என்ன வேலை, எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தார் என்று ஒரு வேலைக்குப் பதினான்கு பெட்டி நிரப்ப வேண்டும். வெளிக்களப் பிள்ளைகள் பதினொரு பேர். பொழுதுபட, சேற்றுக் காலோடு வந்து என் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஒருவருக்கு இருபது நிமிடம். கடைசி ஆள் வீட்டுக்குப் போகும்போது வீதியில் சோதனைச்சாவடிக்காரரைத் தவிர வேறு ஆள் இருக்காது.

என் தங்கச்சி நாவலடியில் இருந்தவள். கடல் வந்த காலையில் அடையாள அட்டையை எடுக்கவென்று திரும்பி வீட்டுக்குள் போனாள். ஒரு நாலு நிமிடம் இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அதற்குப் பிறகு ஆட்களுடைய நிமிடங்கள் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இதை நான் சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கணினி திருத்த வருகிற பிள்ளை ஷிஹான், ஓட்டமாவடிக்காரர். அவரிடம் கேட்டேன்.

"தம்பி, நேற்றுச் செய்த வேலையத்தானே இண்டைக்கும் செய்றாங்க. எல்லாத்தையும் ஒரேயடியா நிரப்புற மாதிரி ஒரு பொத்தான் போட ஏலாதா?"

"போடலாம் அக்கா. ஆனா ஆள் உண்மையில போனதா இல்லையா எண்டு கொம்பியூட்டருக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும்தானே."

சிரித்துக்கொண்டே செய்து தந்தார். 'நேற்றுப் போல' என்று அதற்குப் பெயர் வைத்தது நான்தான். ஒரு தரம் அமுக்கினால் பதினொரு பேருடைய முழு நாளும் நிரம்பிவிடும். இடம் மாறினவர்களை மட்டும் கையால் திருத்த வேண்டும். அன்று பிள்ளைகள் வெளிச்சம் இருக்கவே வீட்டுக்குப் போனார்கள். சிவதர்ஷன் மட்டும் மேசையில் கையூன்றிக்கொண்டு நின்றான்.

"அக்கா, இத அமுக்கினா நான் கலியாணம் முடிச்ச நாளும் திரும்பி வருமா?"

"வரும் மனே. அண்டைக்கு மாமியாரிட்ட வாங்கின பேச்சும் சேர்ந்து வரும், பரவாயில்லையா?"

அவன் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து அறையிலிருந்து எங்கள் பொறுப்பாளர் வினாயகமூர்த்தி எட்டிப் பார்த்தார்.

சில மாதம் போக எனக்கு ஒரு யோசனை வந்தது. பொழுதுபட அமுக்குவதைக் காலையிலேயே அமுக்கினால் என்ன? அவர்கள் போகப் போகிற இடம் எனக்குத் தெரியும். திரும்பி வரப் போகிற நேரமும் தெரியும். காலை ஒன்பது மணிக்கே பதினொரு பேரும் நாலரைக்கு வேலை முடித்திருந்தார்கள். நாட்டிலுள்ள கிளைகளில் முதலாவதாகப் பதிவை முடிப்பது மட்டக்களப்புத்தான் என்று கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது. எப்படிச் செய்கிறோம் என்று பார்க்க வெள்ளிக்கிழமை ஆட்கள் வருவதாகவும் எழுதியிருந்தார்கள்.

அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை, எட்டு ஐம்பதுக்குச் சிவதர்ஷன் போன் எடுத்தான்.

"அக்கா, இண்டைக்கு நான் குருக்கள்மடம் அகதி முகாமில இல்ல. தோணியில வாவிக்கு அக்கரை, அம்பிளாந்துறைக்குப் போறன். செல்லடிக்குள்ள வர ஏலாமக் கிடக்கிற கிழடுகட்டைகளைப் பாக்கணும். இடத்த மாத்திப் போடுங்க."

"ஓம் மனே."

மாற்றுவதென்றால் பதினான்கு பெட்டியையும் கையால் போட வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று பொத்தானை அமுக்கினேன். பதிவு கொழும்புக்குப் போய்விட்டது.

பதினொன்று இருபதுக்குத் தோணிக்காரர் சாமித்தம்பி ஒரு கொமினிகேசன் கடையிலிருந்து கூப்பிட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"அக்கா, உங்கட ஆள் அக்கரையில இறங்கினதும் ரெண்டு பேர் பேரச் சொல்லிக் கூப்பிட்டு மோட்டச்சைக்கிள்ல ஏத்திட்டுப் போயிட்டானுகள். சுறுக்கா ஏதாலும் செய்யுங்க."

"சரி, நான் பாத்துக்கிறன். நீங்க வேற ஆருக்கும் சொல்லாதீங்க. உங்களுக்குத்தான் ஆபத்து."

அந்த நாட்களில் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். பிடித்தது யார் என்று கேட்பதில்லை. பாதர் ஒருவர், கிராம சேவகர், எங்கள் நிறுவனத்தின் கடிதம், அதோடு அன்றைய நேரப் பதிவின் தாள். இன்ன நேரத்தில் இந்த ஆள் எங்கள் வேலையாக இந்த இடத்தில்தான் நின்றார் என்று அந்தத் தாள் சொல்ல வேண்டும். அதைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்து ஆயுதக்காரரின் முகாம் வாசலில் நிற்பார்கள். பொழுதுபட முன்னம் போனால் விட்டார்கள். விடிந்து போனவர்களுக்கு ஆள் கிடைத்ததாக நான் அறியவில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் முன்பு அப்படித் திரும்பி வந்தவர்கள். இரண்டு கடிதமும் தட்டச்சு செய்தது நான்.

ஆனால் சிவதர்ஷனுடைய தாளில் இடம் குருக்கள்மடம் என்று இருந்தது. நேரம் நாலரை வரை இருந்தது. அப்போது மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. திருத்த வேண்டுமென்றால் கொழும்பைக் கேட்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு நாலரையைப் போட்டது யார் என்று அவர்கள் கேட்பார்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். நல்ல பிள்ளை, விசாரித்துவிட்டு அவர்களாகவே விடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது அந்த நேரத்தில் கஷ்டமாக இருக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை பொத்தானை அமுக்கிய பிறகுதான் பிரஷாந்தி வந்தாள். அப்போது மணி ஒன்பதரை. திரையில் அவன் அன்றைய வேலையையும் நாலரைக்கு முடித்திருந்தான். அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினேன். சனம் கூடிவிட்டதால் முகாமிலேயே தங்கியிருப்பார் என்று அவள் தானாகவே சொல்லிக்கொண்டாள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. முகம் தெளிந்து போனாள். ஒரு பெண்ணுக்கு இரண்டு நாள் நிம்மதி கொடுத்தேன் என்றும் அதைச் சொல்லலாம்.

வியாழனும் அமுக்கினேன். வெள்ளியும் அமுக்கினேன். வெள்ளிக்கிழமை அவள் திரும்ப வந்தபோது விருந்தினர் உள்ளே இருந்தார்கள். வாசல் படலையில் நிற்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். பதினொரு பேருடைய நாளை முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்டாள். ஒரு நிமிடமும் ஆகாது என்றேன். கை தட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு, சிவதர்ஷனைக் காணவில்லையாம் என்று வினாயகமூர்த்தியிடம் சொன்னேன். அன்று பின்னேரம் தெரியவந்தது போலத்தான் சொன்னேன். சனிக்கிழமை கடிதம் போனது. பிழையில்லாத கடிதம். நேரப் பதிவின் தாளையும் இணைத்திருந்தேன். முகாம் வாசலில் நின்றவர் அதை வாசித்துவிட்டுப் பாதரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாராம்.

"உங்கட தாளின்படி ஆள் நேத்து நாலரை வரைக்கும் குருக்கள்மடத்தில வேலை செஞ்சிரிக்கார். வாவிக்கு இந்தப் பக்கம் வந்து ஏன் கேக்கிறீங்க?"

பாதர் தாளோடு திரும்பி வந்தார். செவ்வாய்க்கிழமை அந்தத் தோணித்துறையில் நடந்ததை யாரும் விசாரிக்கவில்லை, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை அவன் அங்கே இருக்கவே இல்லை. பிரஷாந்தி அந்தத் தாளைப் பொலித்தீன் உறையில் போட்டு இரண்டரை வருடமாக ஒவ்வொரு வாசலாகக் கொண்டு திரிந்தாள். எங்கள் பக்கம் சண்டை முடிந்தபோதும் திரிந்தாள். இந்த வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று வெடி கொளுத்தினபோதும், வடக்கே தடுத்து வைத்திருந்தவர்களின் பெயர்ப்பட்டியலில் தேடப் போயிருந்தாள். எல்லா இடத்திலும் கடைசியாகக் கண்ட நாள் வெள்ளிக்கிழமை என்றே எழுதிக் கொடுத்தாள். நான் அச்சடித்துக் கொடுத்த நாள் அது.

கொண்டு போனவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது ஐயா. அவனை அங்கேயே இருக்க விட்டவள் நான். அதை எழுதிக்கொள்ளுங்கள். வேலையைச் சுறுக்காக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இருந்ததில்லை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

சாமித்தம்பி இடம்பெயர்ந்து கரடியனாற்றில் மகளோடு இருக்கிறார். போன கிழமை பிரஷாந்தி அவரைக் கண்டுபிடித்திருக்கிறாள். நேற்று என் வீட்டுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. கதிரையை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தாள். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன், தொடவில்லை. என் கைகளைப் பார்த்தபடி கேட்டாள்.

"சாமித்தம்பி அண்ணன் உங்களுக்குப் போன் எடுக்கக்குள்ள எத்தின மணி, அக்கா?"