அவிழாத கொசுவம்

கடற்கரையில் படம் எடுப்பதென்றால் மஞ்சள் சேலை எடுபடாது, மேடம். மணலும் வெயிலும் சேலையும் ஒரே நிறமாகத் தெரியும். அரக்குச் சிவப்பு வேண்டும், ஜரிகை அகலமாக இருக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். எங்கள் கடைக்கு விளம்பரப் படம் எடுப்பதென்று முடிவானதும் இதையெல்லாம் நான்தான் யோசித்தேன். எந்தச் சேலை, எந்த நகை, எந்த இடம் என்று எல்லாம் என் பொறுப்பு. சிநேகா வந்து நின்றால் போதும்.

டீ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜாக்குலின். சேலை கட்டிவிடுவது என் தொழில். செங்கல்பட்டில் கல்யாணப் பெண்ணுக்கு நான் கட்டினால், காலையில் வைத்த கொசுவம் பந்தி முடிந்து அவள் கார் ஏறும்வரை ஒரு மடிப்புக்கூடக் கலையாது. சிநேகாவும் நானும் முன்பு ஒரே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தோம். பிறகு வெளியே வந்து, என் வீட்டு முன்னறையில் சொந்தமாகச் சேலை விற்க ஆரம்பித்தோம். நான் அவளுக்குக் கட்டிவிடுவேன். அவள் போனுக்கு முன்னால் நின்று பேசுவாள், பார்ப்பவர்கள் வாங்குவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அவளுக்கு வாயும் இருந்தது, முகமும் இருந்தது. கொஞ்ச நாளில் ஊரே அதை சிநேகா அக்கா கடை என்றது. என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னிடமே, "சிநேகா அக்கா கடை எதுங்க?" என்று கேட்டார்கள். நான் வழி காட்டினேன்.

அதுவரை கடைக்கு எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது. படம் எடுக்க வந்த ஹேமந்த் நல்ல பையன், தொழில் தெரிந்தவன். கடைக்கு ஒரு பிராண்டு வேண்டும், அதற்கு ஒரு முகமும் ஒரு பெயரும் போதும் என்றான். "ரெண்டு பேரு லோகோல நிக்காதுக்கா. ஜாக்குலின்னு சொல்றதுக்குள்ள ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவாங்க" என்றான். சிநேகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஜாக்கு, உனுக்கு ஒண்ணும் இல்லியே? வேணான்னா சொல்லு, வுட்டுர்லாம்."

அவள் மனதாரத்தான் கேட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திமிராகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். "ஒண்ணும் இல்ல" என்றேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைப்பதுபோல என்னை வைத்துவிட்டார்கள். மறுநாள் எழுந்து திட்டம் போட உட்கார்ந்தேன். வேலையில் இறங்கினால் என் மனம் அடங்கிவிடும்.

மாமல்லபுரத்தில் கோயில் பக்கம் எடுக்கலாம் என்றான் ஹேமந்த். அங்கே காமிராவுக்கு அனுமதி வாங்க வேண்டும், கூட்டமும் தொந்தரவு என்று நான்தான் மறுத்தேன். சதுரங்கப்பட்டினம் பக்கம் ஆளில்லாத கரையாக ஒன்று பார்த்து வைத்திருந்தேன். பார்க்கப் போனபோது அங்கே ஆபிரகாம் என்கிற மீனவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்காமலே சொன்னார்:

"இந்தாண்ட எறங்காதம்மா. முட்டித் தண்ணியாத்தான் தெரியும், அடுத்த அடி தல முழுவிப்பூடும். இழுப்பு வேற கீது."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேறு கரை பார்க்க வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை.

சிநேகா கோவளத்தில் பிறந்து வளர்ந்தவள். நடக்கும் முன்னே நீந்தியவள் என்று அவள் அம்மா பெருமையாகச் சொல்வார். ஆகவே பள்ளம் மட்டும் போதாது. இதை நான் அந்த நேரத்தில் இவ்வளவு தெளிவாக நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன்.

காஞ்சிப் பட்டு எடுத்தேன். நனைந்தால் கல்லாகக் கனக்கும். "பட்டா? உப்புத்தண்ணில வீணாப்பூடுமே" என்றாள். ஒரு சேலை போனால் போகட்டும், படம் நிற்கும் என்றேன். பாவாடைக்குப் பதிலாக இப்போது ஷேப்வேர் என்று ஒன்று போடுகிறார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை பிடித்து வைக்கும், சேலை ஒல்லியாக விழும். அவள் அளவுக்கு ஒரு சைஸ் குறைவாக வாங்கினேன். கொசுவத்தை அதோடு சேர்த்து உள்பக்கமாகத் தைத்தேன், மேலே பின் குத்தினேன். கடல் காற்றில் பறக்கக் கூடாதல்லவா.

"இன்னா ஜாக்கு இவ்ளோ டைட்டா கீது? நடக்கவே முடில."

"நடக்கறதுக்கு இல்ல. நிக்கத்தான்."

சிரித்தாள். கரையிலிருந்து தண்ணீர்வரை அவளைக் கைத்தாங்கலாக நான்தான் கூட்டிப்போனேன்.

காமிராவைப் பார்த்து நிற்பவளுக்கு முதுகுப்பக்கம் கடல். ஹேமந்த் குனிந்து காமிராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு அவள் முகம் மட்டும்தான் தெரியும். சேலை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் சொன்னேன்: "சிநேகா, கொஞ்சம் பின்னாடி போ. இன்னும் கொஞ்சம். அங்கதான் ஜரிகை நல்லா தெரியுது." என் பேச்சில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. சேலை விஷயத்தில் நான் ஒருநாளும் அவளுக்குத் தப்பாகச் சொன்னதில்லை.

அடுத்த அடியில் அவள் பள்ளத்துக்குள் போன பிறகு ஹேமந்த் காமிராவைப் போட்டுவிட்டு ஓடினான். அவனுக்கு நீச்சல் தெரியாது, இடுப்புத் தண்ணீரில் நின்று கத்தினான். அவள் இரண்டு முறை மேலே வந்தாள். கைகள் நன்றாகத்தான் நீந்தின. கால்கள் சேர்ந்தபடியே இருந்தன. நான் சீப்பும் பின் டப்பாவும் வைத்திருந்த பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனம் கல்லாகிவிட்டது என்பார்களே, அப்படியெல்லாம் இல்லை. சேலை எப்படி இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

ஆபிரகாமின் ஆட்கள் படகில் போய்க் கொண்டுவந்தார்கள். எழவு வீட்டில் அவர் என்னிடம் வந்து, "அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றார். "மறந்துட்டேன்ணா" என்றேன். எனக்காக அந்த மனிதர் அழுதார். பாவம், வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இத்தோடு முடிந்திருக்கும், மேடம். உங்கள் ஸ்டேஷனிலும் விபத்து என்று மூடிவிட்டீர்கள். ஆனால் காரணம் என்ன எழுதினீர்கள்? சேலை அவிழ்ந்து காலில் சுற்றிக்கொண்டதால் என்று. அப்படியே பேப்பரிலும் வந்தது. தனகோடி என்று ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்கு என்னிடம் சொல்லி வைத்திருந்தார். அவர் போன் செய்தார். "தப்பா நென்ச்சிக்காதம்மா. நீ கட்ன சேல அவுந்துதான அந்தப் பொண்ணு பூட்ச்சி. நல்ல காரியத்துக்கு மன்சு ஒப்பல." அவர் ஒருவர் மட்டுமல்ல. சொல்லி வைத்திருந்த எல்லாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நான் கட்டிய சேலை அவிழவில்லை. ஆபிரகாமைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க அந்தச் சேலையைத் தளர்த்தப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் மீன் அறுக்கும் கத்தியை எடுத்துத்தான் கிழித்தார்கள். நீங்கள் வந்து பார்த்தபோது அது கிழிந்து கிடந்தது, அவிழ்ந்தது என்று எழுதிவிட்டீர்கள். அவளைக் கொன்றது நான். என் கைவேலை தப்பாகி அவள் சாகவில்லை, என் கைவேலை சரியாக இருந்ததால்தான் செத்தாள். இதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன்.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவள் அழகாக இருந்தாள், இருந்துவிட்டுப் போகட்டும். இப்போது செங்கல்பட்டு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பேனரில் அவள்தான் சிரிக்கிறாள், அன்று ஹேமந்த் எடுத்த படம். பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஐயோ என்று போகிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? நாளைக்குப் பேப்பரில் வரும், இல்லையா. வரட்டும். ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், மேடம். என் படத்தைத் தனியாகப் போடுவார்களா, அல்லது பக்கத்திலேயே அவள் படத்தையும் போட்டுவிடுவார்களா?