தேதி கடந்த பச்சைப் பொட்டலம்

எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தின்பண்டப் பைத்தியம் உண்டு. ஆனாலும் இயந்திரத்தின் மேல் இருக்கும் பச்சைப் பொட்டலத்தை மட்டும் யாரும் தொடமாட்டோம். உள்ளே தேங்காய் வாசனையோடு மக்காச்சோளப் பொரி. அது மேலே இருந்தால் இயந்திரம் சமர்த்தாக ஓடும். தேதி கடந்துவிட்டால் மக்கர் பண்ணும் என்பது எங்கள் நம்பிக்கை. எங்கள் சிஞ்சூ நகரத்தில் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். படித்தவர்கள்தான், சிரித்துக்கொண்டேதான் வைப்போம்.

எங்கள் தொழில் மனித நொதி. மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் புகுத்தி வளர்த்து, அது தரும் நொதியைச் சுத்தப்படுத்தி ஆராய்ச்சிக்கு அனுப்புகிறோம். அதில் என் கைக்குத்தான் பெயர், யீ-ட்சென் என்ற புதுப் பெண் வரும்வரை. அவள் எடுத்த நொதி என்னுடையதைவிட நன்றாக வேலை செய்தது. இந்த முறையும் சரியாக வந்தால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் லியாவ் சொன்னாராம். அவள் ஓடிவந்து முதலில் என்னிடம்தான் சொன்னாள்.

எனக்கு வயிறு எரிந்தது. எழுதிக்கொள்கிற உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எரிந்தது.

எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது அவளுடைய குப்பிகளை உறைபெட்டியிலிருந்து எடுத்து, வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து என் சாப்பாட்டை முடித்தேன். பிறகு திரும்ப உள்ளே வைத்தேன். சூட்டில் செத்த நொதியும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், பார்த்தால் தெரியாது. பெட்டியின் மேல் அவள் வைத்திருந்த புதுப் பொட்டலத்தை எடுத்துவிட்டு, தேதி கடந்த ஒன்றை வைத்தேன். புதியதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றேன். மொறுமொறுவென்றுதான் இருந்தது.

வாங்கியவர்கள் நொதி வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். யாரோ பொட்டலத்தின் தேதியைப் பார்த்துவிட்டு, சாமிக்கே ஊசிப்போனதைப் படைத்தாளா என்று கேலி செய்தார்கள். லியாவ் சிரிக்கவில்லை.

"ஒரு பொட்டலத்துல தேதி பாக்கத் தெரியாதவ, உறைபெட்டிக் கதவ மட்டும் ஒழுங்கா மூடியிருப்பாளா?"

அவளை அனுப்பிவிட்டார்கள். போகும் முன் என்னிடம் வந்து அழுதாள்.

"புதுசுதான் வச்சேன்னு நெனச்சேன்க்கா. இப்ப எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

தேநீர் போட்டுக் கொடுத்தேன். இதைச் சொல்லும்போதுதான் எனக்கு உடம்பு கூசுகிறது.

இப்போது ரயிலடி பக்கம் ஒரு கடையில் காலையில் சோயா பால் ஊற்றுகிறாள். அதன்பின் எந்த ஆய்வகத்துக்கும் அவள் விண்ணப்பிக்கவில்லை. நான் அடிக்கடி போவேன். என்னிடம் காசு வாங்கமாட்டாள்.

"எல்லாரும் திட்டுனாங்க. நீங்க ஒருத்தர்தான்க்கா என்னை ஒரு வார்த்தை சொல்லல."

அது உண்மைதான். நான் அவளை ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.