கையுறை போடாத வேட்பாளர்

எங்கள் பக்கத்தில் கையுறை போட்டுக்கொண்டு கைகுலுக்குகிறவனுக்கு ஓட்டு விழாது. பனியில் விரல் விறைத்துப்போனாலும் வெறுங்கையைத்தான் நீட்ட வேண்டும். அரசியலில் நான் கற்றது அவ்வளவுதான். மற்றதெல்லாம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

நீங்கள் பத்திரிகைக்காரர், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முதலாளி இதை அச்சில் ஏற்றமாட்டார். அவருடைய மைத்துனரை நீதிபதி ஆக்கியவன் நான்.

மிசௌரி ஆற்றுக்கு மேற்கே, கோதுமை விளையும் ஒரு மாவட்டத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தேன். அந்தப் பதவிக்கும் அங்கே தேர்தல் உண்டு. 'பிரேஸ்வெல் ஒரு தடவை கை குடுத்தா ஆளை மறக்கவே மாட்டாரு' என்று எனக்கு ஒரு பெயர். உண்மைதான். ஒரு விவசாயியிடம் அவன் குதிரைக்குக் கால் ஆறிவிட்டதா என்று கேட்டால் போதும், பெற்ற தாய்கூடத் தன்னை இப்படி நினைத்ததில்லை என்று உருகிவிடுவான். நாய்க்காவது ஒரு எலும்புத்துண்டு போட வேண்டும். இவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில், ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்தன்று, ஆற்றங்கரையில் என் தேர்தல் விருந்து. எலுமிச்சைச்சாறு பீப்பாய்க்குப் பின்னால் ஒருவன் தயங்கி நின்றான். மதேய் ஸ்கலா, ஐரோப்பாவிலிருந்து கூலிக்கு அறுக்க வந்த பொஹீமியாக்காரன். விடுமுறை என்று பத்து மைல் நடந்தே வந்திருந்தான். அவனுக்கு ஓட்டுக் கிடையாது, ஆனாலும் பழக்கத்தில் என் கை நீண்டுவிட்டது. அவன் வலது கையில் மூன்றே விரல். மற்ற இரண்டையும் கதிரடிக்கும் இயந்திரம் தின்றுவிட்டது என்றான்.

"இந்த மாதிரிக் கைதாம்ப்பா இந்த நாட்டைக் கட்டுது" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான். அவன் கண் கலங்கிவிட்டது. அங்கே வேறு யாரும் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கூலிக்காரனை யார் பார்க்கிறார்கள்?

அதே மத்தியானம், பத்து மைல் தள்ளி, அவனுடைய எஜமானன் ஹால்வர் தோர்சனை யாரோ களஞ்சியத்தில் கோடாலியால் வெட்டிப் போட்டார்கள். ஷெரீப் மதேயைப் பிடித்து வந்தார். நிலத்துக்காக ஹால்வரோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றவன் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் நில்ஸ். என் விருந்தைத் தவறவே விடாத நில்ஸ் அன்று மட்டும் வரவில்லை. நான் அதைக் கவனித்திருந்தேன். ஆனால் நில்ஸ் தேவாலயத்து மூப்பன். அவன் கைகாட்டுகிற பக்கம்தான் அந்தப் பள்ளத்தாக்கே ஓட்டுப் போடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அக்டோபரில் விசாரணை, நவம்பரில் தேர்தல். கூண்டில் ஏறியதும் மதேய் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் இருக்கிறேன் என்ற தைரியம் அவனுக்கு.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு நான் உங்க விருந்துலதானே இருந்தேன்? இந்தக் கையைப் பிடிச்சு, இதுதான் நாட்டைக் கட்டுதுன்னு சொன்னீங்களே."

நீதிமன்றமே சிரித்தது. "அதை எங்க வீட்டுக் கழுதைகிட்டகூடச் சொல்லியிருக்காருடா" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

நான் ஜூரிகள் பக்கம் நடந்தேன். "என்ன பீச்சம், குதிரைக்குக் கால் தேவலையா?"

"தேவலைங்க" என்றான் பீச்சம், முகமெல்லாம் மலர்ந்து.

"இவங்கள்ல ஒருத்தரையும் நான் மறந்ததில்ல. இந்த ஆளை நான் பார்த்ததே இல்ல."

நான் சொன்னதை மறந்துவிடும்படி நீதிபதி ஜூரிகளுக்கு உத்தரவிட்டார். தங்களை மறக்காத ஒருவன் சொன்னதை அந்த மடையர்கள் மறப்பார்களா? மதேய்க்குத் தூக்கு.

இரண்டு வருடத்தில் நான் கவர்னர். அவனுடைய கருணை மனு என் மேசைக்கே வந்தது. அவனை விட்டால் நான் பொய்யன் என்று ஆகும். நிராகரித்தேன்.

தூக்குக்கு முந்தின வாரம், பத்திரிகைக்காரர்கள் சூழச் சிறையைப் பார்வையிடப் போனேன். கம்பிக்கு வெளியே அந்த மூன்று விரல் நீண்டது. அவன் அழவுமில்லை, கெஞ்சவுமில்லை.

"இப்பவாவது ஞாபகம் வருதாய்யா?"

நீட்டிய கையை நான் ஒதுக்கினேன் என்று எந்தப் பத்திரிகையும் எழுதக் கூடாது. பிடித்துக் குலுக்கினேன். "உன்னை இன்னிக்குத்தாம்ப்பா பார்க்கிறேன். ரொம்பச் சந்தோஷம்" என்றேன். அவன் கை வெதுவெதுப்பாக இருந்தது. அவன் விடவில்லை, காவலாளிதான் பிரித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காரியம் முடிந்தது. அதனால் எனக்கு ஒரு இரவுகூடத் தூக்கம் கெடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது செனட்டுக்கு நிற்கிறேன். நான் தோற்றுவிடுவேன் என்று என் ஆட்களே முணுமுணுக்கிறார்கள், எல்லாம் இந்தக் கையுறைகளால். ஆகஸ்ட் வெயிலில் இது எதற்கு என்று நீங்களும் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். வேறொன்றுமில்லை. எனக்குக் கை கொஞ்சம் குளிரும்.