குழாய்த் தண்ணீரில் பறி

குடவாசலிலிருந்து வலங்கைமான் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர் திடீரென்று சொன்னார்: "தண்ணி ரொம்ப சுத்தமா இருக்குக்கா. அதான் மனசு ஒட்டல."

"ரைஸ் மில்லு கழிவுத் தண்ணிதானே? நாறலையா?"

"நாத்தமே இல்ல. மெம்பரேன்னு ஒரு சவ்வுல வடிகட்டித்தான் பைப்புல வயலுக்கு விடுறாங்க. கண்ணாடியாட்டம் இருக்கு. அது இல்லன்னா இந்தக் குறுவை கருகியிருக்கும்."

"அப்புறம் என்னடி குறை?"

"ஆத்துல புதுத்தண்ணி வந்தா செக்கச்செவேல்னு வண்டலோட, நுரை தள்ளிக்கிட்டு வரும். மடையில மீன் எதிர்த்து ஏறும். நேத்து பைப்பைத் தொறந்ததும் எங்க வீட்டுக்காரரு மீன் பிடிக்கிற பறியத் தூக்கிட்டுப் போயி அந்தத் தண்ணியில வெச்சிட்டாரு."

மூத்தவர் சிரித்துவிட்டார். "வடிகட்டின தண்ணியில மீன் ஏது?"

"அவருக்குத் தெரியாதா? தண்ணி சத்தம் கேட்டதும் கை தானா எடுத்திருக்கு."

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. இருவரும் கீழே வெறும் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பறிய எடுத்துட்டாரா?"

"எடுக்கத்தான் போனாரு. நான்தான் இருக்கட்டும்னுட்டேன்."