பெருசே போட்டுடலாம், மாப்ளே

இன்டர்கூலர் மாற்றலாமா என்று கேட்டு என் பட்டறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆபீசுக்கும் வீட்டுக்கும் போய்வருகிறவருக்கு அது எதற்கு, சார்? வண்டியோடு கம்பெனி கொடுத்ததே தாராளம். பக்கத்தில் டயர் கடை வைத்திருப்பவர் இதைக் கேட்டுவிட்டு, "வர்ற ஆளைத் துரத்துறதுக்குன்னே ஒரு கடை வெச்சிருக்கீங்க" என்று கேலி செய்வார். நானும் சிரித்துக்கொள்வேன்.

வண்டி விஷயம் தெரியாது என்றீர்கள், அதனால் சொல்கிறேன். டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிற விசிறி. அழுத்தினால் காற்று சூடாகும். அந்தச் சூட்டைத் தணித்து அனுப்புவதற்காக வண்டியில் வைத்திருப்பதுதான் இன்டர்கூலர். கம்பெனி வைப்பது சின்னது. வெயிலில் மேட்டில் போட்டு விரட்டினால் அதுவே சூடேறிவிடும். உடனே எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற கம்ப்யூட்டர், இதற்கு மேல் தாங்காது என்று இழுவையைக் குறைத்துவிடும். ஓட்டுகிறவர் வண்டி சோர்ந்துவிட்டது என்பார். பெரியது போட்டால் அப்படிச் சோராது. விஷயம் இவ்வளவுதான்.

இறந்துபோனவர் என் தங்கை புருஷன். என்னை விட வயதில் சின்னவர். ஆனாலும் தங்கையைக் கட்டியவர் என்பதால் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். அந்த மரியாதையில் கடைசி வரை ஒரு குறையும் வைக்கவில்லை. அவருக்கு அந்த வண்டி என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிநேகிதர்களோடு மலைப்பாதையில் பந்தயம் விடுவார். பாதி தூரம் ஏறுவதற்குள் வண்டி சோர்ந்துவிடும், பின்னால் வருகிறவன் கையை ஆட்டிக்கொண்டே தாண்டிப் போவான். அவருக்கு முகம் சுண்டிப்போகும். அந்தச் சோர்வுதான் வாராவாரம் அவரை உயிரோடு வீடு சேர்த்தது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு மத்தியானம் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி பக்கம்தான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா, "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாராம். தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. ஏன் தாமதம் என்று எனக்குத் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டிய வேலையே இல்லை. மாப்பிள்ளையே சொன்னார். துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் என் பக்கம் திரும்பி, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"சீட்டு லெதர் இல்லையா மச்சான், ரத்தம் பட்டா போகவே போகாது. மெத்தை வந்த பிளாஸ்டிக் கவரை எங்கேயோ போட்டிருந்தா அவ. தேடி எடுத்து விரிச்சுட்டுத்தான் உக்கார வெச்சேன்."

அவர் வீடெல்லாம் உருட்டித் தேடிய நேரம் முழுக்க என் தங்கை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கவர் எங்கே இருக்கிறது என்று அவளிடமே கேட்டிருக்கிறார். அவளும் சொல்லியிருக்கிறாள். அவள் அப்படித்தான், யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வண்டியைச் சர்வீசுக்கு என்னிடமே கொண்டுவந்தார். கதவைத் திறந்து சீட்டைத் தடவிக் காட்டினார். ஒரு பொட்டுக் கறை இல்லை. நான் ஆயில் மாற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. அந்த மனிதரை நான் வெறுத்தேன். அடுத்து வந்த மாதங்களில் அந்த வெறுப்பு ஆறவேயில்லை. ஆறாமல் இருக்கும்படி நானும் பார்த்துக்கொண்டேன்.

போன வெயில் காலத்தில் அவராகவே வந்தார். நான் கூப்பிடவில்லை.

"மச்சான், இன்டர்கூலர் மாத்தினா நல்லா இருக்கும்னு பசங்க சொல்றாங்க. மாத்தலாமா?"

"மாத்தலாம் மாப்ளே."

"மீடியம் சைஸ் போதுமா, பெருசா?"

"செய்யறதைப் பாதியில ஏன் விடணும்? பெருசே போட்டுடலாம்."

அவருக்குச் சந்தோஷம். என் தோளைத் தட்டி, "நீங்க என்னிக்குமே வேண்டாம்னுதானே சொல்லுவீங்க, இன்னிக்கு என்ன அதிசயம்?" என்றார். வீட்டு ஆளுக்கு வேறு கணக்கு என்றேன்.

நடுத்தர அளவு எதையும் வெட்டாமலே அந்த வண்டியில் உட்காரும். பெரியது உட்கார வேண்டுமானால் பம்பருக்குப் பின்னால் குறுக்கே ஓடுகிற இரும்புச் சட்டத்தை வெட்டியெடுக்க வேண்டும். வண்டி எதிலாவது முட்டினால் முதல் அடியை வாங்கி இரண்டு பக்கமும் பகிர்ந்து கொடுப்பது அந்தச் சட்டம்தான். அதை வெட்டி எடுத்து, முனைகளை ராவி, துரு பிடிக்காமல் பெயின்டும் அடித்தேன். பம்பரை மாட்டிய பிறகு பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டரையும் புதிய இழுவைக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. அவர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

சட்டத்தை வெட்டியதை அவரிடம் சொன்னாயா என்று நேற்று கேட்டீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றேன். அது பொய். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்களோடு வந்து வண்டியைச் சோதித்தவர் இதைக் கவனக்குறைவு என்கிறார். நானாக இன்று காலை உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்ததே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். நான் கண்ணும் கருத்துமாகச் செய்த வேலை அது, சார். என் கையில் ஒரு வண்டி கூடக் கவனக்குறைவாகப் போனதில்லை. அவர் சாக வேண்டும் என்று நினைத்துத்தான் பெரியதைப் போட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து நீங்கள் கேட்கப் போவது தெரியும். குழந்தை வண்டியில் இருப்பது உனக்குத் தெரியுமா என்பீர்கள்.

அன்று காலை தங்கை மகள் எனக்குப் போன் செய்தாள். அப்பா போனில் நம்பர் எடுக்க அவளுக்கு நன்றாகத் தெரியும். சின்ன விஷயம் என்றாலும் என்னிடம்தான் முதலில் சொல்வாள்.

"மாமா, அப்பா இன்னிக்கு என்னையும் மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வண்டி இப்ப பறக்குதாம். நான்தான் முன்னாடி சீட்டு."

பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. சுத்தமான சத்தம், ஒரு பிசிறு இல்லை. போகாதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் மாமா என்பாள். அவர் போனை வாங்கி என்ன மச்சான் என்பார். ஏதாவது ஒரு காரணம் சொல்ல வேண்டும், அவருக்குச் சந்தேகம் தட்டும், வேறு யாரிடமாவது கொண்டுபோய்ப் பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்வார். அதோடு எல்லாம் போயிற்று. அவர் மறுபடி என் கைக்கு வர மாட்டார். நான் யோசித்தேன், சார். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவள் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"பெல்ட்டை நல்லா இழுத்துப் போட்டுக்கோ கண்ணு" என்றேன்.

போட்டிருக்கிறாள். அதனால்தான் பிழைத்தாள் என்று பெரிய டாக்டரே சொன்னார். பாறையில் மோதியதில் முன்பக்கம் மொத்தமும் உள்ளே வந்துவிட்டதாம். மாப்பிள்ளையை வெளியே எடுப்பதற்குள்ளேயே முடிந்துவிட்டது. அவளுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. குழந்தைதானே, செயற்கைக் காலில் சீக்கிரம் பழகிக்கொள்வாள் என்றும் சொன்னார்கள். வீட்டு வாசற்படியைச் சரிவாக மாற்றுவதற்கு நேற்றே அளவெடுத்துவிட்டேன். கீழ் அறையில் அவள் அம்மாவின் கட்டிலைப் போட்டிருக்கிறேன்.

கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். எதையும் மறுத்துப் பேசப் போவதில்லை. சாயங்காலத்துக்குள் மட்டும் என்னை விட்டுவிடுங்கள். மயக்கம் தெளியும்போதெல்லாம் மாமா எங்கே என்றுதான் கேட்கிறாளாம், நர்ஸ் சொன்னார். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நீங்களே சொல்லுங்கள் சார், என்னை விட்டால் அந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்?