புது மாடத்துக்கு ஒரு பெயர்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் டோரீன் கிட்சின் அம்மையார் அவர்களே, கொட்டும் மழையிலும் கோட்டோரம் நின்று எங்களைத் திட்டித் திட்டியே திறமைசாலிகளாக்கிய பெரியவர்களே, திங்கட்கிழமைதோறும் எங்கள் சேற்றுச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்துக் கைரேகை தேய்ந்த தாய்மார்களே, ஹார்த்வெய்ட் ஊரின் இனிய மக்களே, உங்கள் அனைவருக்கும் ஐவர் ஃபியரனின் அன்பு வணக்கம்.

புதிதாக எழுந்திருக்கும் பார்வையாளர் மாடத்துக்கு என் பெயரை வைப்பதென்று முடிவுசெய்து என்னை மேடையேற்றிவிட்டீர்கள். நம் ரக்பி லீக் அணியில் பன்னிரண்டு ஆண்டுகள் கோட்டோரம் பந்தோடு பறக்கும் விங்கராக ஓடியவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நான் என்னைப் பற்றிப் பேச வரவில்லை. எனக்குப் பின்னால் நின்றவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஃபுல்பேக் என்பவன் யார்? பன்னிரண்டு பேர் முன்னால் மோத, பதின்மூன்றாவது ஆளாகத் தனியே பின்னால் நிற்பவன். நாங்கள் கோட்டைவிட்டால் அவன் பிடிக்க வேண்டும். அவன் கோட்டைவிட்டால் பிடிக்க ஆளில்லை. அந்த இடத்தில் பதினேழு பருவங்கள் நின்றான் வில்ஃப் மாஸப். வாரமெல்லாம் சுரங்கம், ஞாயிறானால் மைதானம். கண்ணிமையில் கரித்தூளோடு வந்து, வானத்திலிருந்து விழும் பந்தை நெஞ்சில் வாங்கினான். நான்கு முறை மூக்கு உடைந்தது. நான்கு முறையும் பந்து கையில்தான் இருந்தது.

ஒரு பருவம் சிட்னிக்காரர்கள் அவனை அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவனிடம், "ஏன்டா வந்துட்ட?" என்றேன். "அங்க காத்தே இல்லடா. பந்து சொன்ன எடத்துல வந்து விழுது. போரடிச்சுப் போச்சு" என்றான். சிரிக்கிறீர்கள், நம் கடற்காற்றைத் தெரிந்தவர்கள் அல்லவா நீங்கள்?

எண்பத்தாறாம் ஆண்டின் கோப்பை இறுதியை மறந்தவர் உண்டா? கடைசி நிமிடம். நாம் இரண்டு புள்ளி முன்னிலை. எதிரணி பந்தை உயரே உதைத்தது. வில்ஃப் தவறவிட்டான், அவர்கள் அள்ளிக்கொண்டு ஓடினார்கள், கோப்பை போயிற்று. அன்று முதல் இந்த ஊரில் எவன் கையிலிருந்து எது விழுந்தாலும் "மாஸப்" என்று கத்துகிறோம். அவன் மகள் திருமணத்தில் தட்டு விழுந்தபோதும் கத்தினோம். அன்று முதலில் கத்தியவன் நான். வில்ஃபும் சிரித்தான்.

பந்தை எவன் கூப்பிடுகிறானோ அவன் பிடிக்க வேண்டும், மற்றவன் ஒதுங்க வேண்டும். இது நம் ஆட்டத்தின் வழக்கம். அந்தப் பந்தை "என்னுது" என்று கூப்பிட்டவன் நான். வில்ஃப் ஒதுங்கினான். எதிரணியின் இரண்டு தடியர்கள் பாய்ந்து வருவதைப் பார்த்தேன். பயந்தேன். விலகிவிட்டேன். யாருமில்லாத பந்துக்கு அவன் பாய்ந்தான். விரல் நுனியில் பட்டு நழுவியது. நீங்கள் பார்த்தது அந்த விரலை மட்டும்தான்.

பின்வரிசையில் யாரோ "பொய்" என்கிறார். ஐயா, முப்பத்தெட்டு ஆண்டுகள் நான் மௌனமாக இருந்தேனே, அதுதான் பொய்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போய், "அன்னைக்கே ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். டீயைக் கலக்கியபடியே சொன்னான்: "சொல்லியிருந்தா ஊரு உன்ன உண்டு இல்லன்னு பண்ணியிருக்கும். அப்புறம் எந்தப் பந்துக்கும் நீ வாயத் தொறந்திருக்க மாட்ட. வாயத் தொறக்காத விங்கர வச்சுக்கிட்டு அடுத்த ஞாயித்துக்கிழம நான் எப்படிடா ஆடறது?"

அந்த இறுதிப் போட்டிக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் ஆடினேன். நீங்கள் கைதட்டினீர்கள், தோளில் தூக்கினீர்கள், படத்தைச் சுவரில் மாட்டினீர்கள். அத்தனையும் அவன் வாய்மூடி இருந்ததால் எனக்குக் கிடைத்தவை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதோ, மூன்றாம் வரிசையில் எழுந்துவிட்டான். "போதும் ஐவர், உக்காருடா" என்கிறான். உட்கார மாட்டேன் வில்ஃப். இந்தப் பந்தையும் கூப்பிட்டவன் நான்தான், இதைப் பிடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

தலைவர் அவர்களே, அந்த மாடத்தில் வில்ஃப் மாஸப் என்று எழுதுங்கள். எனக்கு அங்கே ஓர் இருக்கை போதும். அதற்கும் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன்.

கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. வில்ஃப், என்னை மன்னித்துவிடு. வணக்கம்.