டாக்டர் ஷுவாயை மலடி என்றவர்களுக்கு

மேடையில் வீற்றிருக்கும் கவுன்சிலர் ஃபராய் சிகும்பு அவர்களே, போதகர் அவர்களே, மடோங்கோரேரே குடும்பத்துப் பெரியவர்களே, கீழே பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களே, வணக்கம். மேடைக்குச் சொன்னது மரியாதைக்காக. பாய்க்குச் சொன்னது மனதார.

நான் நெட்சாய் முகும்பா. பெண்கள் வார்டின் தலைமை நர்ஸ். டாக்டர் ஷுவாய் மடோங்கோரேரே இந்த ஊருக்குத் திரும்பி வந்த நாள் முதல், அறுவை மேசையருகே அவர் இதயம் நின்ற நாள் வரை அவரோடு வேலை செய்தவள். இந்த நினைவுக் கூட்டத்தில் இனிமையாகப் பேசும்படி போதகர் கேட்டுக்கொண்டார். என்னால் ஆகாது. இனிமையாகப் பேசியவர்கள் எல்லோரும் எனக்கு முன்பே பேசிவிட்டார்கள்.

சற்று முன் கவுன்சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் ஷுவாய் பிள்ளையில்லாதவர்களுக்கெல்லாம் தாயாக இருந்தார் என்றார். கைதட்டினீர்கள். கவுன்சிலர் அவர்களே, அந்தத் தாய் ஒரு காலத்தில் உங்கள் மனைவியாக இருந்தார் என்பதை ஏன் சொல்லவில்லை? மறந்துவிட்டீர்களா, அல்லது நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைத்தீர்களா?

ஷுவாய் அப்போது இளம் டாக்டர். சிகும்பு வீட்டு மருமகள். மூன்று முறை கருவுற்றார். மூன்று முறையும் கலைந்தது. உடம்பு ஊதியது, முடி கொட்டியது, வெயிலிலும் குளிர்ந்தது. சோம்பேறி என்றார்கள். சூனியம் என்றார்கள். வெள்ளை அங்கி அணிந்த சபைத் தீர்க்கதரிசி ஒருவர் வந்து தண்ணீர் தெளித்து, இவள் வயிற்றில் ஏதோ ஆவி குடியிருக்கிறது என்றார். ஒருவராவது, ஒரே ஒருவராவது, இவள் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம் என்றாரா? மூன்றாவது கரு கலைந்த வாரமே அவரைத் துணிமூட்டையோடு பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வண்டி ஓட்டியவர் இதே கவுன்சிலர்.

பிறகு தலைநகர் ஹராரேயில் மகப்பேறு மேற்படிப்பு படிக்கும்போது, வகுப்பில் செய்முறை பழகுவதற்காகத் தன் இரத்தத்தையே எடுத்துச் சோதித்தார். தைராய்டு சுரப்பு ஏறக்குறைய இல்லை. தொண்டையில் இருக்கும் ஒரு சிறு சுரப்பி. அது சோர்ந்தால் கரு தங்காமல் போகலாம். தினம் ஒரு சின்ன மாத்திரை போதும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன் என்று என்னிடம் ஒருமுறைதான் சொன்னார். அந்த மூன்று பிள்ளைகளுக்கும் தான் மனதுக்குள் பெயர் வைத்திருந்ததையும் அன்றுதான் சொன்னார்.

அப்படிப்பட்டவர் இந்த ஊருக்கே திரும்பி வந்தார். ஏன் வந்தார்? பழி தீர்க்கவா? அதற்காக வந்திருந்தால் இன்னும் நிம்மதியாகக் கண்மூடியிருப்பார். செவ்வாய்க்கிழமை கிளினிக் தொடங்கினார். மாதவிலக்கு வராத பெண், மாதக்கணக்கில் இரத்தப்போக்கு நிற்காத பெண், கர்ப்பப்பையில் கட்டியோடு வந்த பெண், சினைப்பையில் நீர்க்குமிழிகளோடு வந்த பெண், எல்லோரையும் பார்த்தார். எல்லோரிடமும் ஒரே கேள்வி: புருஷன் எங்கே?

அந்த வரிசையில் ஒருநாள் கவுன்சிலரின் அம்மா வந்து நின்றார், மகன் அடுத்துக் கட்டிய மைடெய்யின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. மைடெய்க்கும் இரண்டு கலைந்திருந்தது. நான் கொதித்தேன். டாக்டர் எழுந்து நாற்காலி போட்டார். சோதித்தார். அதே தைராய்டு. மாத்திரை கொடுத்தார். மைடெய் கருவுற்றாள். நான்காம் மாதம் இரத்தத்தில் நனைந்து வார்டுக்கு வந்தாள்; அதுவும் கலைந்தது. மாத்திரை விசுவாசக் குறைவு என்று தீர்க்கதரிசி சொன்னாராம். மாமியார் அத்தனையையும் கழிப்பறைக் குழியில் கொட்டிவிட்டாராம்.

அன்று மாலை சிகும்பு வீட்டுக்கு டாக்டர் போனார். நானும் போனேன். கவுன்சிலர் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் வாசலை மறித்து நின்றார்.

"பெத்தே பார்க்காதவ குடுத்த மாத்திர. அது எப்படி விளங்கும்?"

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "எனக்கும் இதே நோய்தாம்மா. அப்ப எனக்கு மாத்திர குடுக்க ஆளில்ல. இவளுக்கு நான் குடுத்தேன், அதையும் குழியில கொட்டிட்டீங்க. உங்க பேரப்பிள்ளைய யாரும் சூனியம் வச்சுக் கொல்லல."

பிறகு உள்ளே பார்த்து, "ஃபராய், நீயும் சோதனைக்கு வரணும்" என்றார்.

கவுன்சிலர் அவர்களே, நீங்கள் சொன்னதை இங்கே சொல்லட்டுமா? "எனக்கு ஒண்ணுமில்ல. கட்டினது ரெண்டும் கோளாறு பிடிச்சது." அதுதான் உங்கள் பதில். தொலைக்காட்சியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

மைடெய் வார்டிலிருந்து நேராக டாக்டர் வீட்டுக்குப் போனாள். பிறகு நீங்கள் அங்கே வந்து போக, அடுத்த கரு அங்கேயே வளர்ந்தது. தினமும் காலையில் கஞ்சிக்கு முன்னால் டாக்டர் கையாலேயே மாத்திரை. பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு நீங்கள் ஆடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து கெஞ்சி அழைத்துப் போனீர்கள். தேர்தல் சுவரொட்டியில் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரித்தீர்கள். அதில் எங்காவது ஷுவாயின் பெயர் இருந்ததா?

இப்போது மடோங்கோரேரே குடும்பத்துக்கு வருகிறேன். தலையைக் குனியாதீர்கள். அடக்கத்தன்று பெட்டியை மூடும் முன், டாக்டரின் சித்தப்பா ஒரு சோளக்கதிரை அவர் இடுப்பருகே செருகினார். பிள்ளையில்லாமல் போனவள் ஆவியாகத் திரும்பி வரக் கூடாது, இதுதான் உன் பிள்ளை, இதோடு போய்விடு என்று சொல்வதற்காக. இந்த மாவட்டத்தில் எத்தனை குழந்தைகளைக் கையில் ஏந்தியவர் அவர்! அவருக்கு ஒரு சோளக்கதிர்.

கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. கவுன்சிலரும் நின்றார். மைடெய்தான் முன்னால் வந்தாள். கணவர் முழங்கையைப் பிடித்தார், உதறினாள். பெட்டிக்குள் கைவிட்டுக் கதிரை எடுத்தாள்.

"சித்தப்பா, இவங்க திரும்பி வரட்டும். உங்க வீட்டுக்குப் பயமா இருந்தா எங்க வீட்டுக்கு வரட்டும். வழிய அடைக்காதீங்க."

கதிரைச் சித்தப்பாவின் கையில் கொடுத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பெட்டியை மூடினார்கள். அன்று கேட்ட ஒரே இரங்கல் உரை அதுதான். மற்றதெல்லாம் சத்தம்.

பெண்களே, வரும் செவ்வாய்க்கிழமை கிளினிக் திறக்கும். புதிய டாக்டரை அனுப்புகிறார்களோ இல்லையோ, திறக்கும். இரத்தம் நான் எடுப்பேன். மாகாண மருத்துவமனைக்கு நானே கொண்டுபோவேன். மாத்திரையை எவர் பறித்தாலும் என் வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள், கஞ்சியும் தருகிறேன். மருமகளை இழுத்து வரும் மாமியாரிடம் மகன் எங்கே என்று கேட்பேன். மகன் வராவிட்டால் வீடு தேடிப் போவேன்.

கவுன்சிலர் அவர்களே, உங்கள் இரத்தத்துக்கும் ஒரு குப்பி எடுத்து வைத்திருக்கிறேன். வரிசையில் வந்து நில்லுங்கள். அதுவரை அவர் பெயரை உங்கள் வாயால் சொல்லாதீர்கள்.